கிழக்கு வரிசை

எங்கள் ஊர் பஜாரில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்துவிட்டால் அதோடு எல்லா வேலையும் நின்றுவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸும் திருச்சுழியிலிருந்து வருகிற பஸ்ஸும் கல் மண்டபத்துக்கு முன்னால் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு கண்டக்டர்களும் விசிலை ஊதிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் எடுக்க இடம் இருக்காது. மல்லி மூட்டையும் வத்தல் மூட்டையும் ஏற்றிய மாட்டு வண்டிகள் அதற்குள் வந்து அடைத்திருக்கும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. பெரியவர்களுக்குத் தலைவலி. எண்பதுகளின் கடைசியில் அந்தத் தலைவலிக்கு மருந்து தேடித்தான் பழைய பஜாரைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்துக்குப் படம் வரைந்தவள் நான்.

அப்பாவுக்கு மேற்கு வரிசையில் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. எதிரே கிழக்கு வரிசையில் மாமா கடை. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர்கள் பரளச்சிப் பக்கம் நிலம் வைத்திருந்த சம்சாரிக் குடும்பம். மழை இரண்டு மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் ஏமாற்றியதில் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்து, மண்வெட்டி, களைக்கொத்தி, கயிறு, தார்ப்பாய் விற்கிற கடை வைத்தவர். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அப்பா போய் உட்காருவது அவர் கடையில்தான். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டதால் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை.

இரண்டு வீட்டிலும் கீழே கடை, மாடியில் குடித்தனம். மாடியில் இரண்டு வீட்டு ஜன்னலும் நேருக்கு நேர். தெரு அவ்வளவு குறுகல். அம்மா எங்கள் ஜன்னலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அத்தை அவர்கள் ஜன்னலில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுவாள். கீழே வண்டி, பஸ், சந்தைச் சத்தம் எல்லாம் போய்க்கொண்டிருக்கும். மேலே இவர்கள் பேச்சு தனியாக ஓடும். குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. என்ன குழம்பு என்பதில் ஆரம்பித்து, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பது வரை அந்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஊரே வந்துபோகும். என் சடங்குக்குச் சேலை எடுத்தது, மாமாவின் மகளுக்கு வரன் வந்து தட்டிப்போனது, எல்லாவற்றையும் அவர்கள் அங்கே வைத்துத்தான் முடிவு செய்தார்கள், புலம்பினார்கள்.

நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் சிவில் டிராயிங் படிக்க ஆசைப்பட்டபோது, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். அப்பாவுக்கு அப்போது டைபாய்டு காய்ச்சல். மதுரைக்கு இன்டர்வியூவுக்கு என்னைக் கூட்டிப்போனது மாமாதான். கடையை அடைத்துவிட்டு வந்தார். நான் உள்ளே போய்த் திரும்பும்வரை வெயிலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இடம் கிடைத்துவிட்டது என்றதும், "இனி எங்க பஜாருல படம் போடுத எஞ்சினியரு எங்க பிள்ளதான்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். நான் எஞ்சினியர் இல்லை, படம் வரைகிறவள்தான் என்று திருத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை.

விருதுநகரில் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஊர்களுக்குத் திட்டம் போடுகிற பிரிவு. பெண்களில் நான் ஒருத்திதான். படங்களைப் பிரதி எடுக்கிற மெஷினின் அமோனியா வாடையில் நின்று, கண் எரிந்து வீட்டுக்கு வருவேன். சில வருஷம் கழித்து எங்கள் ஊர் பஜார் திட்டம் அந்த மேஜைக்கே வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பழைய கட்டடம் என்றால் உயிர். மண்டபத்துத் தூண்களில் காலங்காலமாகச் சுண்ணாம்பு அடித்து அடித்துச் சிற்பங்களின் முகமே மறைந்திருந்தது. அவர் ஒரு சாவியை வைத்து ஓரத்தில் சுரண்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண்ணின் காதணி தெரிந்தது. "பாரும்மா, இத்தனை நாள் இந்தம்மா மூச்சு முட்டி நின்னிருக்காங்க" என்றார். மண்டபத்தைச் சுத்தம் செய்வது, தெப்பக்குளத்துப் படிகளைச் சரிசெய்வது, தேர் திரும்புகிற முக்கைப் பெரிதாக்குவது, தெருவை அகலப்படுத்துவது. நல்ல திட்டம். இன்றைக்கும் அதைக் குறைசொல்ல என்னால் முடியாது.

தெருவை எந்தப் பக்கம் அகலப்படுத்துவது என்பதில்தான் எல்லாம் வந்து நின்றது. மேற்கு வரிசையின் தெற்கு முனையில் கல் மண்டபம். வடக்கு முனையில் எங்கள் சர்ச். அதுவும் பழசு, சுண்ணாம்புக் காரையில் கட்டியது. இரண்டையும் தொடக்கூடாது என்றார் அதிகாரி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற கடைகளை மட்டும் உள்ளே தள்ளினால் தெரு நடுவில் வயிறு உப்பினமாதிரி ஆகும், பஸ் போக உதவாது. ஆகவே எடுப்பதை முழுக்கக் கிழக்கு வரிசையில் எடுப்பது. அவர் பென்சிலால் படத்தில் அந்தக் கோட்டை லேசாக இழுத்துக் காட்டியபோது எனக்குள் சட்டென்று ஒரு நிம்மதி ஓடியது. நம் கடை தப்பித்தது. அடுத்த மூச்சிலேயே மாமா கடை எங்கே இருக்கிறது என்று நினைவு வந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான். மனசுக்குள் அந்த முன்பின் வரிசையை நான் பல வருஷம் மாற்றிப்போட முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு பக்கமும் பாதிப் பாதி எடுக்கிறமாதிரி ஒரு படம் வரைந்து கொண்டுபோனேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"உங்க வீடும் இதுல போகுதே" என்றார்.

"போகட்டும் சார்."

"நீங்க போகட்டும்னு சொல்லலாம். மண்டபத்துல ரெண்டு தூண் வரிசையும் போகுது. சர்ச் முகப்பும் போகுது. அதை நான் எப்படிப் போகட்டும்னு சொல்றது?"

"பஸ்ஸ ஊருக்கு வெளிய விட்டா?"

"அதுதான் சரி. புறவழிச் சாலைக்கு நிலம் எடுக்கணும். அது எப்ப வரும்னு எனக்கும் தெரியாது, மேல இருக்கறவங்களுக்கும் தெரியாது. அதுவரைக்கும் பஜார் இப்படியே கிடக்கட்டுமா?"

டிரேசிங் தாளை விரித்து அவர் சொன்ன கோட்டை மையில் இழுத்தேன்.

ஆட்சேபணை கேட்கிற கூட்டத்தைப் பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். படத்தைச் சுவரில் மாட்டியிருந்தோம். கிழக்கு வரிசைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாமா எழுந்து ஒன்றுதான் கேட்டார். "அங்கிட்டுக் கொஞ்சம், இங்கிட்டுக் கொஞ்சம்னு எடுக்க முடியாதாய்யா?" அதிகாரி மண்டபத்தையும் சர்ச்சையும் காட்டி விளக்கினார். மாமா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர், "படம் போட்டது யாரு, அவுக வீடு எந்தப் பக்கம் இருக்குன்னு கேளுங்க" என்றார். ஹாலில் கசமுசவென்று பேச்சு. நான் சுவரோரம் படத்துக்குக் கீழேயே நின்றிருந்தேன். மாமா திரும்பிப் பார்த்து, "ஏலே, அந்தப் பிள்ளையப் பத்திப் பேசாத. மேல உள்ளவுக சொன்னதத்தான் அது வரையும். வேற பேச்சிருந்தாப் பேசு" என்றார். பேச்சு அடங்கியது. அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இழக்கிறவர் அவர். எனக்காக வாதாடுகிறவரும் அவரேயா?

சுவர்களில் சிவப்புப் பெயின்டால் குறி போடுகிற நாள் வந்தது. சர்வேயரும் இரண்டு ஆட்களும் நானும் போனோம். ஒவ்வொரு கடையாக டேப் பிடித்து அளந்து, எதுவரை இடிக்க வேண்டுமோ அதுவரை கோடு. மாமா கடைக்கு வந்ததும் பெயின்ட் டப்பா வைத்திருந்த ஆளை அவர் வாசலில் நிறுத்திவிட்டார்.

"தாயி, நீ போடு."

"மாமா, அவர் போட்டா என்ன…"

"வேத்தாளு வந்து என் செவுத்துல கோடு போட்டா எனக்குக் கோவம் வரும். கோவத்துல என்ன செய்வேன்னு தெரியாது. நீ போட்டா வராது. போடு."

பிரஷ்ஷை வாங்கினேன். கயிற்றுச் சுருள்களை அவரே நகர்த்தி இடம் கொடுத்தார். கோடு கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்தை ஒட்டி ஏறியது. பெயின்ட் படாமல் இருக்க அவர் படத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கடையில் மிஞ்சப்போவது ஒரு ஆள் குறுக்கே படுத்தால் கால் நீட்ட முடியாத இடம்.

பிறகு மாடிக்குப் போக வேண்டியிருந்தது. அத்தை அடுப்படியில் இருந்தாள். நான் ஏறி வந்த சத்தம் கேட்டுத் திரும்பி, கையில் பிரஷ்ஷைப் பார்த்தாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "குடிச்சுட்டுப் போடு" என்றாள். குடித்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனபிறகு நான் கோட்டைப் போட்டேன். ஜன்னலும் அவள் உட்காருகிற இடமும் கோட்டுக்கு வெளியே போய்விட்டன. எதிரே எங்கள் ஜன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

இடிக்க ஆட்கள் வருமுன்பே மாமா தன் கடை முகப்பைத் தானே இடித்துவிட்டார். பரளச்சியிலிருந்து தம்பி வந்திருந்தார். இருவரும் கடப்பாரை பிடித்தார்கள். கதவு, நிலை, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் சேதமில்லாமல் கழற்றித் தனியே அடுக்கினார்கள். அப்பா எங்கள் கடையிலிருந்து இறங்கிப்போய் ஒரு பக்கம் நிலையைத் தூக்கப் பிடித்தார். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. மூவரும் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அப்பா அவரிடம், "மாப்ள, என் கடையில பாதிய எடுத்துக்க. தட்டி வச்சு மறச்சுருவோம். எனக்கு அவ்வளவு இடம் எதுக்கு" என்றார்.

மாமா முகத்துத் தூசியைத் துண்டால் துடைத்தார். "உன் கடைய நான் எடுத்துக்கிட்டா, பெறகு நீ எங்க வந்து உக்காருவ?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பாவால் சிரிக்க முடியவில்லை.

வேலை முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முடிந்தபோது ஊர் அழகாகத்தான் இருந்தது. மண்டபத்துத் தூண்களில் பெண்களும் யாளிகளும் வெளியே வந்து நின்றார்கள். தேர் அந்த வருஷம் முக்கில் ஒரு தடவைகூட நிற்காமல் திரும்பியது. புனித வெள்ளி ஊர்வலத்தில் நாங்கள் தோளோடு தோள் உரசாமல் நடந்தோம். அதிகாரி வந்து பார்த்துவிட்டு என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்யாத குறை. ஊரில் தெரிந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் நான் எதிர் வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

எங்கள் கடைக்கு வியாபாரம் கூடியது. முன்பு லாரி பஜாருக்குள் வர முடியாது. புண்ணாக்கு லோடு தெப்பக்குளத்தங்கரையில் இறங்கி, அங்கிருந்து கைவண்டியில் வரும். இப்போது லாரி கடை வாசலிலேயே நிற்கலாம். முதல் லாரி வந்து நின்றது. தெருவுக்குக் குறுக்கே நின்ற அதன் முன்பக்கம் மாமா கடை வாசலை முழுக்க அடைத்துவிட்டது. அப்பா டிரைவரிடம் போய் வண்டியைத் தெப்பக்குளத்துக்கே கொண்டுபோகச் சொன்னார். சுமை தூக்குகிறவர்கள், "ரோட்ட இம்புட்டு அகலமாப் போட்டும் இன்னும் அங்கேருந்தே சொமக்கணுமா மொதலாளி?" என்று சலித்துக்கொண்டார்கள். அப்பா கேட்கவில்லை. மாமா அந்தக் கடையில் இருந்தவரை எங்கள் லோடு தெப்பக்குளத்தில்தான் இறங்கியது. மாமாவுக்கு அது தெரியும். ஒருநாள் அப்பாவிடம், "இப்படிச் செஞ்சா நான் தெருவப் பாத்து உக்காரவே கூச்சமா இருக்கு மாப்ள" என்றார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அம்மாவுக்கும் அத்தைக்கும் நடந்தது வேறு. அத்தை வீட்டில் மாடி உள்ளே தள்ளிப்போய்ப் புது ஜன்னல் வைத்தார்கள். முதல் நாள் அம்மா வழக்கம்போல அரிசித் தட்டோடு உட்கார்ந்தாள். "மதினி, என்ன குழம்பு?" என்றாள். அத்தைக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்துக் காட்டினாள். அம்மா உரக்கக் கேட்டாள். கீழே போன இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அத்தை ஏதோ சொன்னாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். சில நாள் அப்படிப் போனது. பிறகு அத்தை ஜன்னலில் உட்காருவதை விட்டாள். அம்மா படியிறங்கித் தெருவைக் கடந்து போய் வந்தாள். ஆனால் போய் உட்காருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஜன்னலுக்குக் காரணம் வேண்டியதில்லை. "இனிமே கத்தித்தான் பேசணும். கத்திப் பேச எங்ககிட்ட என்ன இருக்கு" என்று அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

நானோ அந்தத் தெருவை வரைந்தபோது ஒவ்வொரு மின்கம்பத்தையும் சாக்கடையையும் குறித்திருந்தேன். ஜன்னல்களைக் குறிக்கவில்லை. அதற்கு அந்தப் படத்தில் இடமும் கிடையாது.

மாமா இரண்டு வருஷம்போல அந்தக் கடையில் இழுத்துப் பார்த்தார். நீளச் சாமான்களைத் தெருவில் சாத்தினால் பஜார் காவலர் எடுக்கச் சொல்வார். உள்ளே வைத்தால் அவருக்கே நிற்க இடமில்லை. கடைசியில் மல்லாங்கிணற்றில் தன் அக்கா வீட்டருகே ஒரு கடை பார்த்துக்கொண்டு குடியைப் பெயர்த்தார். போகிற அன்று வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் அலுவலகத்தில் இருந்தேன். விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் புறவழிச் சாலை வந்தது. பஸ் ஸ்டாண்டையும் வெளியே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு பஜாருக்குள் ஒரு பஸ்கூட வரவில்லை. அகலமான தெருவில் பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள். சாயங்காலம் பழ வண்டிகள் நின்றன. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் வசதியாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் அந்த வெறும் தெருவைப் பார்க்கும்போதெல்லாம் கையில் பிரஷ்ஷைப் பிடித்திருப்பதுபோல விரல் மடங்கும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அம்மாவோடு மல்லாங்கிணற்றுக்குப் போனேன். முறுக்கும் கேக்கும் எடுத்துப்போனோம். மாமா கடையில் கூட்டம். காரியாபட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் நாலைந்து பேர் களைக்கொத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை நன்றாகத்தான் ஓடியது. "வா தாயி, எஞ்சினியரு வந்துட்டா" என்றார். நான் இந்தத் தடவை திருத்தவில்லை.

வீடு ஊருக்குக் கடைசியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேலிக்கருவை. அதற்கு அப்பால் விதைத்து முளைக்காத கரிசல். அத்தை இளைத்திருந்தாள். அம்மாவும் அவளும் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். மத்தியானச் சாப்பாடு ஆன பிறகும் பேசினார்கள், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினார்கள். இருவர் குரலும் பழையபடி தாழ்ந்திருந்தது. நான் வெளியே மாமாவின் நாற்காலியில் இருந்தேன்.

பஸ்ஸுக்கு நேரமானபோது அம்மா கொல்லைப்பக்கம் போனாள். அத்தை எனக்குப் பையில் மல்லியும் வத்தலும் கட்டிக் கொடுத்தாள். நான் அதை வாங்காமல், "அத்த, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. "மன்னிப்புன்னு எதையாச்சும் கேட்டுறாத" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"நீ கேட்டா நான் மன்னிக்கணும். எம்மனசுல இன்னும் அதுக்குத் தெம்பு வரல. நீ வேணும்னு செஞ்சிருந்தா உன் வாசலுக்கு வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போயிருப்பேன். ஆத்தாமை தீந்திருக்கும். நீ ஒண்ணும் செய்யல. மாமாவும் ஒண்ணும் செய்யல. அந்த ஆபீசரு நல்ல மனுசர்னு இவுகளே சொல்றாக. அப்ப நான் யாரத் திட்டுதது, சொல்லு?"

பையை என் கையில் திணித்தாள். "பஸ்ஸு வந்துரும். போ" என்றாள்.

பஸ்ஸில் அம்மா என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா வாரம் ஒருநாள் தனியாக மல்லாங்கிணற்றுக்குப் போக ஆரம்பித்தாள். முழங்கால் வலியோடு பஸ் ஏறி, சாயங்காலம் முகம் தெளிந்து திரும்புவாள். அத்தை என்னை விசாரித்தாளா என்று நான் கேட்பேன். பொய் சொல்லத் தெரியாதவள் அம்மா. சில வாரம் "கேட்டா" என்பாள். சில வாரம் சேலையை மடித்துக்கொண்டே, "இன்னைக்குக் கேக்கல" என்பாள்.